எட்டு டன், நாலு கயிறு

ஐம்பத்தோரு வயதில் எனக்குப் பின்னம் வகுக்கத் தெரியாது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவி கண்டுபிடித்தாள். அரையைக் காலால் வகுத்தால் எவ்வளவு என்று கேட்டாள். அரைக்கால் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யோவ், நெசமாவே தெர்லயா? இல்ல வெளாடிகினு கீறியா?”

“தெரிஞ்சா உன்னாண்ட எதுக்கு மே வந்து குந்திகினு கீறேன்?”

எனக்கு எரிச்சல். சாப்பிட்ட வயிறு, மேலே கொதிக்கிற தகரக் கூரை, வாரத்தில் ஒரு நாள்தான் படுக்கலாம், அந்த ஒரு நாளிலும் நோட்டும் பேனாவும். வெளியே சாலையில் டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. திருவொற்றியூரில் வீடு எடுத்தவனுக்கு அது காதில் விழுவதே இல்லை, ஆனால் அன்றைக்கு விழுந்தது. கணக்குப் போட உட்கார்ந்தால் எல்லாம் காதில் விழும்.

விஷயம் இதுதான். எண்ணூர் போகிற சாலையில் ஓர் இரும்பு யார்டில் நான் கலாசி. கிரேன் தூக்கப்போகிற சுமைக்குக் கம்பிக் கயிறு மாட்டி, கீழே நின்று கை ஜாடை காட்டி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி வைக்கிற வேலை. இருபத்தேழு வருஷமாகச் செய்கிறேன். போன வருஷம் கான்டிராக்டர் மாறினார். புதியவர் வந்ததும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கொக்கிக்குக் கீழே நிற்கிற ஒவ்வொருவரும் எழுத்துத் தேர்வு எழுதி அட்டை வாங்க வேண்டும். இருபது கேள்வி, குறைந்தது பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் கேட் பாஸ் கிடையாது. ஐம்பத்தோரு வயதில் இன்னொரு யார்டு வாசலில் போய் நின்றால் என்னை எவன் சேர்த்துக்கொள்வான்?

மாதிரிக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். கூட்டல், கழித்தல், பின்னம், சதவீதம், பரப்பளவு. ஒன்பதாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கியது பதினேழு. அதோடு சரி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. எங்கள் கணக்கு வாத்தியார் நல்லவர்தான், அடிக்க மாட்டார். ஆனால் தப்பான விடை சொன்னால் ஒன்றும் பேசாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். அதற்கு இரண்டு அடி வைத்திருக்கலாம். மீ.சி.ம., மீ.பெ.வ. என்ற பெயர்கள் இன்றைக்கும் ஞாபகம் இருக்கின்றன. எதற்கு அவை என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் பிளஸ். ஏன்? அப்படித்தான். பின்னத்தை வகுக்கும்போது கீழே இருப்பதைத் தலைகீழாகப் போட்டுப் பெருக்கு. ஏன்? உட்காருடா.

என் மனைவி பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்று நாலு. அந்த மார்க் ஷீட்டை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள். அதற்கு மேல் அவள் வீட்டில் படிக்க வைக்கவில்லை. அவள் அப்பாவுக்குக் காசிமேட்டில் படகு. பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்றுவிட்டார். இப்போது அவள் அங்கேயே ஒரு ஷெட்டில் மத்தியானம் வரை இறால் பிரிக்கிறாள். பெரிசு, நடுத்தரம், பொடி. விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். அந்த விரல்களால் அன்றைக்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் கேட்டதெல்லாம் குழம்பில் ஏன் உப்பு கம்மி என்பது போன்ற கேள்விகள்தான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுப்படியில் போய் அரை லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்து வந்தாள். கூடவே கால் லிட்டர் டம்ளர்.

“இந்த அரை லிட்டர்ல இந்த டம்ளரால எத்தினி தபா மொள்ளலாம்?”

“ரெண்டு.”

“அவ்ளோதான். அரையைக் காலால வகுத்தா ரெண்டு. தலைகீழாப் போட்டுப் பெருக்கிப் பாரு, அதே ரெண்டு வரும்.”

போட்டுப் பார்த்தேன். வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? ஒரு டம்ளரைக் காட்டி இதைச் சொல்ல ஒருத்தருக்குமா தோன்றவில்லை? இதற்காகவா ஜன்னல் பக்கம் பார்த்தார் அந்த மனுஷன்?

“எங்க வாத்தியாராண்ட டம்ளர் இல்ல போல” என்றேன்.

“உன்னாண்ட மூளை இல்ல போல” என்றாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

அடுத்த ஞாயிறு, எதை முதலில் செய்வது என்கிற விதி. இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நாலு எவ்வளவு? இருபது என்றேன். பதினாலு என்றாள். முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது, பிறகு பெருக்கலும் வகுத்தலும், கடைசியில்தான் கூட்டலும் கழித்தலும். “அப்போ கூட்டல எதுக்கு முன்னாடி எழுதி வெக்கிறானுங்க?” என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். எங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்க அவர்களுக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் ஒரு வேடிக்கை. யார்டில் கம்பியின் எடை சொல்ல வேண்டும் என்றால் நான் காகிதமே எடுப்பதில்லை. விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நூற்று அறுபத்திரண்டால் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வந்துவிடும். தகடு என்றால் நீளம், அகலம், கனம், அதோடு எட்டு. எல்லாம் பெருக்கல். மனசுக்குள்ளேயே ஓடும். இதைச் சொன்னதும் அவள் கண்ணை அகல விரித்தாள்.

“நூத்தி அறுவத்திரெண்டு ஏன்?”

“அது தெர்லமே. அப்படித்தான் வகுப்போம்.”

“இது கணக்கு இல்லாம இன்னாயா?”

“இது வேலை” என்றேன். நிஜமாகவே அதுவரை அதைக் கணக்கு என்று நான் நினைத்ததில்லை.

முதல் தேர்வு ஆபீஸ் அறையில் நடந்தது. ஏசி. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மனைவியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினேன். பேனா கைக்குள் எங்கே போனது என்றே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். முப்பது வயசுக்காரர், இன்ஜினியர், மரியாதையாகப் பேசுவார், எந்நேரமும் தூக்கம் போதாத முகம். பதினொன்று என்றார். ஒரு மார்க்கில் போய்விட்டது.

“பின்னமெல்லாம் சரியா போட்டிருக்கீங்கண்ணே. இந்தப் பதினாலாவது கேள்விதான் எனக்குப் புரியல.”

தாளை என் பக்கம் திருப்பினார். எட்டு டன் எடையுள்ள இரும்புப் பெட்டி ஒன்று நான்கு கயிறுகளால் தூக்கப்படுகிறது. ஒரு கயிறு தாங்கும் எடை எவ்வளவு? கீழே நாலு விடைகள். நான் நாலு டன் என்பதைச் சுற்றியிருந்தேன்.

“எட்டை நாலால வகுத்தா எவ்ளோண்ணே?”

“ரெண்டு.”

“அப்புறம் ஏன் நாலு போட்டீங்க?”

அவருக்குப் புரிய வைக்கப் பார்த்தேன். நாலு கயிறும் ஒரே அளவில் இருக்காது சார், ஒன்று ஒரு விரல்கடை நீளம், ஒன்று குட்டை. இரும்புப் பெட்டி வளைந்து கொடுக்காது. தூக்கினால் எதிரும் புதிருமாக இரண்டு கயிறுதான் இறுகும். மற்ற இரண்டும் சும்மா பேருக்குத் தொங்கும். நாலு கால் ஸ்டூல் தரையில் ஆடுகிறதில்லையா, அது மாதிரி. அதனால் நாங்கள் நாலு கயிறு போட்டாலும் இரண்டு என்றுதான் எண்ணுவோம். எட்டை இரண்டால் வகுத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். அது ஒன்றுதான் கொஞ்சம் ஆறுதல்.

“சைட்ல நீங்க சொல்றது சரியா இருக்கலாம்ணே. இது கணக்கு. பேப்பர் மேல இருந்து வருது, விடையும் அங்கிருந்துதான் வருது. நான் மாத்த முடியாது. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, இந்தத் தடவை ரெண்டுன்னு போட்டுடுங்க.”

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை, அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டாள். பதினாலாவது கேள்விக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அய்யோ, எட்டை நாலால வகுக்கத் தெர்லயா? ஒண்ணாங்கிளாஸ் புள்ளை சொல்லும்யா இத்த! உன்ன வெச்சிகினு ரெண்டு மாசமா நான் பேஜாராகிக் கெடக்கேன். வேல பூட்சின்னா இன்னா பண்ணுவ?”

“தெரிஞ்சிதான் போட்டேன்.”

“தெரிஞ்சி எவனாவது தப்பாப் போடுவானா?”

அப்போதுதான் சொன்னேன். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி சொன்னேன்.

என் தோஸ்து ஒருவன், நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுக்கு இடது காலில் பாதிப் பாதம் கிடையாது. இப்போது மாத்தூரில் குடியிருக்கிறான். ஓர் எடை மேடையில் உட்கார்ந்து லாரிகளின் எடையை எழுதுகிறான். கயிறு அறுந்து பெட்டியின் மூலை அவன் காலில் இறங்கியது. இது அவளுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும். தெரியாதது, அது அறுந்தது நான் போட்ட கணக்கால் என்பது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. என்னை கேங்குக்குத் தலைவனாகப் போட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. எட்டு டன் பெட்டி. இன்ஜினியர் வந்து, கயிறு போதுமா என்று கேட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணில் விரலால் எழுதினேன். எட்டு வகுத்தல் நாலு, இரண்டு. கயிறு மூன்று டன் தாங்கும். போதும் சார். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் நான் போட்ட கணக்கு சரியாக வந்தது. மீதிகூட இல்லாமல் வந்தது. எனக்கு ஒரே பெருமை. மண்ணில் எழுதியதை அழிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தேன்.

அப்புறம் எல்லோரும் கயிறு பழசு என்றார்கள். உள்ளே துருப்பிடித்திருந்தது என்றார்கள். உண்மைதான், பழசுதான். ஆனால் இரண்டு டன்தான் அதன் மேல் வந்திருந்தால் பழசும் தாங்கியிருக்கும். நாலு வந்தது. பெட்டியை ஒரு சாண் தூக்கி நிறுத்தச் சொல்லி, கயிற்றில் கை வைத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். கணக்கு வந்துவிட்டதே, எதற்குக் கை வைக்க வேண்டும் என்று நேரே மேலே ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினேன். அந்த ஸ்டூல் விஷயத்தை ஆஸ்பத்திரி வாசலில் அன்றைய கிரேன் டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. தோஸ்து இன்றைக்கும் கயிற்றைத்தான் திட்டுகிறான். மாசத்துக்கு ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் கயிற்றைத் திட்டும்போது நானும் தலையாட்டுகிறேன்.

அவள் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “உள்ள வா” என்றாள். தட்டில் சோறு போட்டாள். நான் பாதி சாப்பிட்டதும் சொன்னாள்.

“பரிச்சைல ரெண்டுன்னு போடு. நமக்கு அட்டை வோணும். யார்டுல உனக்குத் தெரிஞ்சத செய்யி. யாரு வந்து தடுக்கப் போறான்?”

இரண்டாவது தடவை அதே தாள். ஒரு கேள்விகூட மாற்றவில்லை, சோம்பேறிகள். பதிமூன்று வரை மளமளவென்று போட்டேன். பதினாலில் பேனா நின்றது. எட்டு டன், நாலு கயிறு. இரண்டு என்பதைச் சுற்றினேன். அந்த மண்ணில் எழுதியதையே மறுபடியும் எழுதுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் சுற்றினேன். வயிறு இருக்கிறதே.

பதினாறு மார்க். போட்டோ போட்ட அட்டை கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி, தன் மார்க் ஷீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “பரவால்ல, நம்ம வூட்ல ரெண்டு பேரு பாஸு” என்றாள். நான் சிரித்தேன். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. ஏழு மணிக்கே படுத்துவிட்டேன்.

அட்டையோடு ஒரு வில்லங்கமும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் எந்தக் கயிறு என்பது எங்கள் பாடு, எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். இப்போது ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு படிவம். மொத்த எடை, கயிறுகளின் எண்ணிக்கை, இதை அதால் வகு, கயிறு தாங்குமா, ஆம் அல்லது இல்லை. கீழே அட்டை வைத்திருப்பவர் கையெழுத்து. மூன்றாம் நாள் காலை பத்து டன் தொட்டி ஒன்று வந்தது. ஸ்டோரில் இருந்தது மூன்று டன் தாங்குகிற கயிறு. பாதுகாப்பு அதிகாரியே படிவத்தை நிரப்பி எடுத்து வந்தார். பத்து வகுத்தல் நாலு, இரண்டரை. ஆம்.

“ஒரு கையெழுத்து போடுங்கண்ணே, கிரேன் காத்துகிட்டு இருக்கு.”

யார் வந்து தடுக்கப் போகிறான் என்று அவள் சொன்னாளே. வந்து நின்றான், காகிதத்தோடு. எனக்கு யாரோடும் சண்டை போடத் தெம்பில்லை. அவரோடும் இல்லை, கிரேன் டிரைவரோடும் இல்லை. கையெழுத்துப் போட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது, அதுவும் எனக்குத் தெரியும். பேனாவை வாங்கினேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் கேங் ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் கண் அவர்கள் கால்களுக்குப் போனது. எத்தனை கால் என்று எண்ணிக்கூடப் பார்த்தேன், சத்தியமாக.

கயிறுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் இருந்த நாலை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். பத்து வகுத்தல் இரண்டு, ஐந்து. ஆம் என்பதை அடித்து இல்லை என்பதைச் சுற்றினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

“அண்ணே, நாலு கயிறு கண்ணு முன்னாடி கிடக்குது.”

“கணக்கு சரியா பாருங்க சார். பத்தை ரெண்டால வகுத்தா அஞ்சுதான? கயிறு மூணுதான் தாங்கும். அட்டைல கீறது என் மூஞ்சி. வேற கயிறு வந்தா தூக்குறேன். இல்லைன்னா அட்டைய நீங்களே எடுத்துக்கங்க.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. இரண்டு மாசம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் உட்கார்ந்து வாங்கிய அட்டை. அவர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். யாரிடமோ நெடுநேரம் “ஆமா சார், ஆமா சார்” என்றார். மணலியில் இருக்கிற இன்னொரு யார்டிலிருந்து தடிமனான கயிறு வர இரண்டு மணி நேரமாயிற்று. அதுவரை கிரேன் டிரைவர் என் குடும்பத்தையே சந்திக்கு இழுத்தார். எங்கள் ஆட்கள் நிழலில் படுத்துவிட்டார்கள். நான் மட்டும் வெயிலில் அந்தத் தொட்டி மேலேயே சாய்ந்து நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயம்.

கயிறு வந்தது. மாட்டினோம். ஒரு சாண் தூக்கி நிறுத்தச் சொன்னேன். ஓரமாகப் போய் ஒவ்வொரு கயிறாகக் கை வைத்தேன். முதலாவது இரும்புத் தடியாக இறுகி நின்றது. இரண்டாவது அசைந்தது. மூன்றாவது இறுக்கம். நாலாவதை இரண்டு விரலால் ஆட்டினேன், ஆடியது. அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு நாலாவது கயிற்றைத் தொட்டார். ஆட்டினார். மறுபடி ஆட்டினார்.

“இது சும்மா தொங்குதுண்ணே” என்றார். குரல் இறங்கியிருந்தது. “உங்களுக்கு யாருண்ணே சொன்னது இதெல்லாம்?”

அந்தப் பழைய கிரேன் டிரைவர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். கயிறு பழசு என்று இருபது வருஷமாகத் தலையாட்டிய மாதிரி இதற்கும் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது.

“ஒரு தபா நான் நாலால வகுத்துட்டேன் சார்” என்றேன்.